டிரெய்லருக்குள் பூசணம்

மோட்டார் வண்டியின் பின்னே பூட்டிக் குதிரைகளை ஏற்றிச் செல்வதற்கென்று செய்யப்படும் டிரெய்லர், வருஷத்தின் பெரும்பகுதியை ஓடாமல் ஒரே இடத்தில் நின்றே கழிக்கிறது என்பதை, அதை விலை கொடுத்து வாங்குகிறவர்கள் அநேகமாக எண்ணிப் பார்ப்பதில்லை. சக்கரம், பிரேக், விளக்கு, கொக்கி ஆகியவற்றைப் பற்றி விற்பனைக்காரரைத் துளைத்தெடுக்கிற மனிதர், மாதக்கணக்கில் கதவடைத்து நிற்கப்போகிற அந்தப் பெட்டிக்குள் காற்று எப்படி நுழையும், ஈரம் எப்படி வெளியேறும் என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. பிறகு ஒருநாள் கதவைத் திறக்கும்போது மக்கிய நெடி முகத்தில் அடிக்கிறது. சுவரெங்கும் சாம்பலும் கரும்பச்சையுமாகப் புள்ளிகள். சேண அறையில் மாட்டியிருக்கும் கடிவாள வார்களின் மேல் வெண்மையான மெல்லிய படலம். உடனே கடைக்கு ஓடி, பூசணத்தைக் கொல்லும் என்று மேலே எழுதியிருக்கும் புட்டி ஒன்றை வாங்கி வந்து பீச்சுகிறார்கள். அந்தப் புட்டிக்கு இந்த அத்தியாயத்தில் நான் கொடுத்திருக்கும் இடம் சிறியது. தண்ணீர் எந்த வழியாக உள்ளே வந்தது, வந்தது ஏன் வெளியே போகவில்லை என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை காணாமல் செய்யப்படும் எந்தச் சுத்திகரிப்பும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் தாங்காது என்பதே நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம்.

உதாரணத்துக்கு அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில், ஒக்காலா நகரைச் சுற்றியுள்ள குதிரைப் பண்ணைப் பிரதேசத்தை எடுத்துக்கொள்வோம். ஜூன் முதல் செப்டம்பர் வரையில் பிற்பகல்களில் இடியோடு மழை பெய்வது அங்கே சர்வசாதாரணம். இரவு முழுவதும் காற்று ஈரத்தால் கனத்துக் கிடக்கும். வெப்பமோ அந்த மாதங்களில் 20 டிகிரி செல்ஷியஸுக்கு வெகுவாகக் கீழே இறங்குவது அரிது. பூசணம் தழைப்பதற்கு இதைவிட அநுகூலமான சீதோஷ்ணம் வேண்டியதில்லை. அதன் வித்துக்கள் கண்ணுக்குப் புலப்படாமல் எங்கும் காற்றில் மிதந்துகொண்டிருப்பவையாதலால், அவற்றை உள்ளே வரவிடாமல் தடுப்பது மனித சக்திக்கு அப்பாற்பட்டது. ஆகாரத்துக்கும் பஞ்சமில்லை: தரைப்பலகையின் மரம், உலர்புல்லின் துகள், தோல் வார், குதிரையின் மேனியிலிருந்து உதிரும் பொடுகு எல்லாம் அதற்கு விருந்து. அலுமினியத் தகட்டைப் பூசணம் தின்ன முடியாது. எனினும் தகட்டின்மேல் படிந்த அழுக்குப் படலமே அதற்குப் போதும். ஆகவே வித்து, ஆகாரம், வெப்பம் என்ற மூன்றும் நம் வசத்தில் இல்லாதிருக்க, நான்காவதாகிய ஈரம் ஒன்றே நம் கைக்கு எட்டுவதாக இருக்கிறது. உட்புறக் காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்றும், நனைந்த பொருளை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிட்டால் பெரும்பாலும் பூசணம் பிடிப்பதில்லை என்றும் அந்நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வீடுகளுக்குச் சொல்லும் அளவுகள் டிரெய்லருக்கும் பொருந்தும். சிறிய ஈரமானி ஒன்றை உள்சுவரில் மாட்டி வைப்பது அதிகச் செலவு பிடிக்கிற காரியமன்று.

வண்டிக்குள் ஈரம் சேர்வதில் முதற்பங்கு குதிரையினுடையது. ஓய்வாக நிற்கும் குதிரை நிமிஷத்துக்கு 8 முதல் 16 தடவை மூச்சு விடுகிறது. ஒவ்வொரு மூச்சிலும் ஏறக்குறைய 5 லிட்டர் காற்று, நெஞ்சுக்குள்ளிருந்து ஈரத்தைச் சுமந்துகொண்டு வெளியே வருகிறது. பிரயாணத்தின் ஆட்டத்தாலும் அச்சத்தாலும் மூச்சு விரைந்து, வியர்வையும் பெருகினால், இரண்டு குதிரைகள் நிற்கும் சிறு வண்டியின் கூரை குளிர்ந்த இரவில் உட்புறமாக நனைந்துபோவதில் ஆச்சரியப்படுவதற்கு ஒன்றுமில்லை. போதாக்குறைக்கு மூத்திரம் வேறு. ஒரு குதிரை நாளொன்றுக்கு 5 முதல் 15 லிட்டர் வரையில் கழிக்கக் கூடியது. அது ரப்பர் விரிப்பின் இடுக்குகள் வழியே கீழே இறங்கிவிட்டால், மேலே எத்தனை தண்ணீர் ஊற்றிக் கழுவினாலும் விரிப்புக்கும் தரைக்கும் நடுவே தங்கிவிடும். கழுவுகிற தண்ணீரும் அங்கேதான் போய்ச் சேருகிறது. சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்ற நல்லெண்ணத்தினால் அடிக்கடி கழுவி, உடனே கதவைச் சாத்திவிடுகிறவர்களுடைய வண்டிகளில் பூசணம் அதிகமாகக் காணப்படுவதன் ரகசியம் இதுதான்.

பூசணத்தால் குதிரைக்கு என்ன கெடுதி என்று கேட்பவர்கள் உண்டு. குதிரை வாயால் மூச்சு விட இயலாத பிராணி. நாசி வழியாக வருவதெல்லாம் நேரே நுரையீரலுக்குத்தான் போகும். பூசண வித்துக்களும் புல் தூசியும் தொடர்ந்து உள்ளே போவதால் உண்டாகும் இழுப்பு நோய், குதிரை வைத்தியர்கள் நெடுங்காலமாக அறிந்த ஒன்று. அதற்கு முதற்காரணமாகச் சொல்லப்படுவது பூசணம் பிடித்த உலர்புல். அவ்வாறான புல்லை வலையில் கட்டி, மூக்குக்கு நேராகத் தொங்கவிட்டு, ஜன்னலையும் அடைத்து மணிக்கணக்கில் ஓட்டிச் செல்கிறோம் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். தலையைத் தாழ்த்தினால் சுவாசக் குழாயில் சேரும் சளியும் தூசியும் தாமே வழிந்து வெளியேறும். பிரயாணத்தில் தலையை உயரக் கட்டிவிடுவதால் அந்த இயற்கையான உபாயமும் அதற்கு அற்றுப்போகிறது. நீண்ட பிரயாணத்துக்குப்பின் குதிரைகளுக்குக் காணும் நுரையீரல் காய்ச்சலுக்கு இதுவும் ஒரு காரணம். வண்டியைச் சுத்தம் செய்கிற மனிதருக்கும் இந்த வித்துக்கள் ஆகாதவை. ஆஸ்துமாக்காரர்கள் இந்த வேலையில் கையே வைக்க வேண்டாம்.

வேலையைத் துவங்குமுன் முழுமையாகப் பரிசோதனை செய்ய வேண்டும். பரிசோதனை என்றால் ரப்பர் விரிப்புகளை வெளியே எடுப்பதுதான். நாலடி அகலமும் ஆறடி நீளமும் முக்கால் அங்குலக் கனமும் உள்ள ஒரு விரிப்பு ஏறக்குறைய 45 கிலோ எடை இருக்குமாதலால், ஒருவராக இழுத்து முதுகைப் பிடித்துக்கொள்ளாமல், இரண்டு பேராக, விளிம்பைப் பெரிய குறட்டால் கவ்விப் பிடித்துச் சுருட்டியவாறு வெளியே இழுப்பது உத்தமம். பெரும்பாலான சொந்தக்காரர்கள் இந்த எடைக்குப் பயந்தே வருஷக்கணக்கில் விரிப்பைத் தூக்குவதில்லை. தூக்கிப் பார்த்தால், அடிப்பக்கத்தில் லத்தியும் மூத்திரமும் புல் துகளும் கலந்து கெட்டியான கருஞ்சேறாகப் படிந்திருக்கும். அதைச் சுரண்டினால் அடியில் மரம் கறுத்து, நார் நாராகப் பிரிந்து கிடக்கும். அவ்விடத்தில் ஒரு திருப்புளியின் முனையை வைத்து அழுத்திப் பார்க்க வேண்டும். நல்ல பலகை முனையை உள்ளே விடாது. உளுத்த பலகையில் அது சத்தமே இல்லாமல் இறங்கும். குதிரைகளின் பின்கால்கள் நிற்கும் இடம், இரண்டு பலகைகள் சேரும் மூட்டு, குறுக்குச் சட்டத்தின்மேல் பலகை அமரும் பகுதி ஆகிய மூன்று இடங்களையும் தவறாமல் குத்திப் பார்ப்பதோடு, வண்டியின் அடியில் படுத்துக் கீழ்ப்பக்கத்தையும் பார்த்துவிட வேண்டும். முனை இறங்கிவிட்டால் அதற்கப்புறம் பூசணத்தைப் பற்றிப் பேச்சில்லை. 500 கிலோ எடையுள்ள ஒரு பிராணி, ஓடுகிற வண்டியில், அந்தப் பலகையின்மேல் நிற்கப்போகிறது. தரை உடைந்து கால் சாலையில் உராய்ந்த குதிரைகளின் கதியை இங்கே வர்ணிக்க எனக்கு மனமில்லை. பலகையை மாற்றுகிற வரையில் வண்டி ஓடக் கூடாது. மாற்றும்போது ஒரு ஜாக்கிரதை: செம்புச் சத்து ஏற்றிப் பதப்படுத்திய மரம் வெறும் அலுமினியத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், ஈரம் சேரும்போதெல்லாம் அலுமினியத்தை அரித்துவிடும், ஆகையால் பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவே நீர் புகாத நாடா ஒன்றை ஒட்டிவிடுவது அவசியம்.

தரை உறுதியாக இருக்கிறதென்று தெரிந்தபின் சுத்தம் செய்யத் தொடங்கலாம். வெயிலுள்ள ஒரு காலை வேளையில், குதிரைகளை வேறிடத்தில் கட்டிவிட்டு, கதவுகளையும் ஜன்னல்களையும் கூரைத் துவாரங்களையும் மலரத் திறந்து, விரிப்பு, நடுத்தடுப்பு, மெத்தைத் திண்டு, புல்வலை எல்லாவற்றையும் வெளியே கொண்டுவந்து பரப்பிவிட வேண்டும். என்-95 முகக்கவசமும் ரப்பர் கையுறையும் கண்ணாடியும் அணிந்துகொள்ள வேண்டும். உலர்ந்த பூசணத்தின்மேல் நேரே துடைப்பத்தைப் போடுவது பலரும் செய்கிற தவறு. அதனால் கோடிக்கணக்கான வித்துக்கள் கிளம்பி, சுத்தமாக இருந்த இடங்களிலும் போய் உட்காரும். முதலில் நீரைப் பனிபோல் தெளித்து நனைத்துவிட்டு, பிறகு சோப்பு நீரும் கெட்டி மயிர் பிரஷ்ஷுமாகத் தேய்க்க வேண்டும். கூரையில் தொடங்கிச் சுவர், சுவரிலிருந்து தரை என்று மேலிருந்து கீழாக வருவதே முறை. தட்டையான பரப்புகள் இலேசாகச் சுத்தமாகிவிடும். மனிதனுடைய பொறுமையைச் சோதிப்பவை ஜன்னல் ரப்பர்களின் மடிப்புகளும், சாய்தளக் கீல்களும், சுவரின் கீழ்ப்பாதியில் உதைக்கென்று ஒட்டியிருக்கும் ரப்பர் தகட்டின் மேல்விளிம்புமே. அந்த விளிம்பு விண்டிருந்தால், அதன் பின்னே உள்ள பிளைவுட் உளுத்துப் போயிருக்கும் என்று சந்தேகிப்பதில் தவறில்லை. வேகமாக நீரைப் பீய்ச்சும் பிரஷர் வாஷரை இம்மாதிரி விளிம்புகளில் காட்டவே கூடாது. அது அழுக்கை அகற்றுவதைவிடத் தண்ணீரைத் தகட்டுக்குப் பின்னே ஏற்றுவதில்தான் அதிக சாமர்த்தியம் உடையது. திண்டுகளின் தையல் வழியே பூசணம் உள்ளேயுள்ள பஞ்சுக்குள் இறங்கியிருந்தால் அவற்றைக் காப்பாற்றும் உபாயம் எதுவும் இல்லை. தூக்கி எறிந்துவிட்டுப் புதிது தைப்பதே சிக்கனம்.

சோப்பும் கையுழைப்பும் செய்துமுடித்த பிறகு எஞ்சியிருப்பதற்குத்தான் மருந்து. பிளீச்சிங் திரவத்தையே எல்லோரும் முதலில் நாடுகிறார்கள். குதிரை டிரெய்லருக்கு அது மிகவும் பொருத்தமற்றது என்பது என் அபிப்பிராயம். அதிலுள்ள குளோரின் சத்து, தரையில் ஊறியிருக்கும் மூத்திரத்தின் அம்மோனியாவோடு சேர்ந்தால், மார்பை எரிக்கும் நச்சுவாயு கிளம்பும். அதே திரவத்தை வினிகரோடு கலந்தால் குளோரின் வாயுவே வெளிப்படும். அலுமினியத்தை அது அரிக்கிறது. மரத்தின்மேல் ஊற்றினால் கறையின் நிறம் வெளுக்குமே தவிர, உள்ளே ஓடியிருக்கும் பூசணத்தின் இழைகள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கின்றன. திரவத்தின் நீர் மட்டும் மரத்துக்குள் இறங்கி மறுபடி ஈரத்தை ஊட்டுகிறது. கண்ணாடியிழைச் சுவர், பிளாஸ்டிக் வாளி போன்ற ஈரம் உறிஞ்சாத பொருள்களுக்கு, மூத்திர வாடை முற்றிலும் போகக் கழுவிய பின்னர், 3.8 லிட்டர் தண்ணீருக்கு 240 மில்லிலிட்டருக்கு மேற்படாமல் கலந்து உபயோகித்துக் கழுவிவிடலாம். அதற்குமேல் அதற்கு வேலையில்லை.

மற்ற இடங்களுக்கு, மருந்துக் கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைத் தெளித்து, 10 நிமிஷம் விட்டுத் துடைப்பது நல்லது. சமையல் வினிகர் சிலவகைப் பூசணத்தைக் கொல்லும், சிலவற்றைக் கொல்லாது. இலேசான புள்ளிகளுக்கு அது போதும், ஆனால் அலுமினியத்தில் நெடுநேரம் நிற்கவிடாமல் கழுவிவிட வேண்டும். வெங்காரத்தை வெந்நீரில் கரைத்து மரத்தில் பூசினால், அது மரத்துக்குள்ளேயே தங்கி மறுபடி பூசணம் வராமல் சிலகாலம் காக்கும். எனினும் ஓயாமல் கழுவப்படும் தரையில் அது கரைந்து போய்விடும். அன்றியும் குதிரை நக்கக்கூடிய இடங்களில் அதைப் பூசலாகாது. சேண அறையின் மர அலமாரிகளும் கூரைச் சட்டங்களுமே அதற்கு ஏற்ற இடங்கள். மூத்திரத்தின் வேகத்தைத் தணிக்கும் என்று நம்பித் தரையில் ஆப்ப சோடாவையும் சுண்ணாம்புத் தூளையும் தூவுகிற பழக்கம் சில பண்ணைகளில் இருக்கிறது. புல் தின்னும் பிராணியாகிய குதிரையின் மூத்திரம் இயல்பிலேயே காரத்தன்மை உடையது. காரத்தின்மேல் காரத்தைத் தூவுவதால் எதுவும் தணியாது. சுண்ணாம்போ அலுமினியத் தரைக்கு நேரான சத்துரு. தாராளமான தண்ணீரும், அதற்குப்பின் தாராளமான வெயிலுமே அங்கே செய்யத்தக்கவை. பைன் மரத்தின் வாசனையும் எலுமிச்சையின் வாசனையும் ஊட்டிய தெளிப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை: அவை நம் மூக்கை ஏமாற்றுகின்றன, அவ்வளவே.

சேணம், கடிவாளம் முதலிய தோற்பொருள்களை டிரெய்லரிலேயே வைத்துக்கொள்ளாமல் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவதே சிறந்த வைத்தியம். பூசணம் பிடித்துவிட்டதென்றால், வெளியில் கொண்டுவந்து ஈரத்துணியால் துடைத்து, சேண சோப்பினால் கழுவி, நிழலில் காற்றாட உலர்த்த வேண்டும். கடும் வெயிலில் போட்டால் தோல் வெடித்துப் போகும். நன்றாக உலருமுன் எண்ணெய் பூசுவதும், அளவுக்கு மிஞ்சிப் பூசுவதும் பூசணத்துக்கே உபகாரம். சேண அறையின் சுவர்களில் கம்பளம் ஒட்டியிருக்குமாயின் அதைப் பிய்த்தெறிவதில் தயக்கம் வேண்டாம். அந்த அலங்காரத்தை முதன்முதலில் கற்பித்தவர் மழையே பெய்யாத ஊரில் வாசம் செய்தவராக இருக்க வேண்டும்.

இனி, தண்ணீர் வரும் வழியை அடைக்கும் விஷயம். உட்புறத்தில் காணும் ஈரம் ஒழுக்கினால் வந்ததா, காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த தகட்டின்மேல் படிந்து வந்ததா என்பதை முதலில் நிர்ணயிக்க வேண்டும். மழையில்லாத தெளிந்த இரவுக்கு மறுநாள் விடியற்காலையில் கைவிளக்கோடு உள்ளே நுழைந்து கூரையைப் பார்க்க வேண்டும். ரிவெட்டுத் தலைகள் ஒவ்வொன்றிலும் கடுகளவு நீர்த்துளி திரண்டிருந்து, சற்று நேரத்தில் ஒன்றோடொன்று சேர்ந்து குறுக்குச் சட்டத்தின் வழியே சுவருக்கு ஓடினால், அது காற்றின் ஈரம். மழைக்குப் பிறகு மட்டும், ஒரே மூலையில் மட்டும் நனைந்திருந்தால் அது ஒழுக்கு. ஒழுக்கைக் கண்டுபிடிக்க இரண்டு பேர் வேண்டும். உள்ளே இருப்பவர் மூட்டுகளின் நெடுகிலும் சாக்கட்டியால் கோடு இழுத்துவிட்டு விளக்கோடு காத்திருக்க, வெளியே இருப்பவர் ரப்பர்க் குழாயால் கீழ்மூட்டிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக மேலே போய்ச் சற்று நேரம் நீர் விட வேண்டும். நீர் புகுந்த இடத்தில் சாக்கட்டிக் கோடு கரைந்து வழிந்து காட்டிக்கொடுக்கும். கூரையின் ஓரமூட்டு, கூரைத் துவாரத்தின் சட்டம், ஜன்னல், மேல்விளக்குகளின் திருகு ஆகியவற்றில்தான் பெரும்பாலும் குற்றம் இருக்கும். அடைப்பதற்கு முன் பழைய பசையை முழுவதும் சுரண்டி எடுக்க வேண்டும். பழைய சிலிகோனின்மேல் புதியது பிடிக்காது.

காற்றின் ஈரத்துக்கு அடைப்பு என்பது கிடையாது; காற்றோட்டம்தான் பரிகாரம். சென்னைக் கிண்டியிலிருந்து உதகையின் கோடைப் பந்தயத்துக்கென்று முன்பு குதிரைகளை மலையேற்றிச் சென்ற வண்டிகளுக்கும் இதே விதிதான். சமவெளியின் வெக்கையும் ஈரமும் நிறைந்த காற்றை உள்ளே அடைத்துக்கொண்டு மலைக்குளிருக்குள் நுழைந்தால், அது தகட்டின்மேல் நீராகத்தான் இறங்கும். நிறுத்தியிருக்கும் வண்டியில் கூரைத் துவாரங்களைப் பின்னோக்கித் திறந்தும், ஜன்னல்களைச் சாரல் அடிக்காத பக்கத்தில் கம்பிவலையோடு திறந்தும் வைக்க வேண்டும். பாதுகாப்பு என்று கருதி வண்டியின்மேல் தார்ப்பாயைப் போர்த்திக் கட்டிவிடுவது, கொதிக்கிற சோற்றுப்பானையைத் தட்டால் மூடுவது போல. மூடியின் உட்புறம்தான் சொட்டும். கூரைக் கொட்டகை இருந்தால் மிகவும் நல்லது; இல்லையென்றால் நீராவியை வெளியே விடும் துணியாலான உறையையே உபயோகிக்க வேண்டும். புல்தரை இரவெல்லாம் ஈரத்தை மேலே விட்டுக்கொண்டிருப்பதால், சரளைக் கல் பரப்பிய இடத்தில், முன்பக்கத்தைச் சற்றே உயர்த்தி நிறுத்துவது உசிதம். தங்கிய நீர் பின்வாசல் வழியே ஓடிவிடும். மின்சாரத்தால் ஈரம் உறிஞ்சும் யந்திரத்தைச் சேண அறையில் வைக்க விரும்புகிறவர்கள் அந்த அறையை மட்டும் இறுக அடைத்துவிட வேண்டும். ஜன்னலைத் திறந்துவைத்து யந்திரத்தை ஓட்டுவது ஃப்ளோரிடா முழுவதையும் உலர்த்த முயல்வதாகும். கால்சியம் குளோரைடு நிறைந்த வாளியைத் தொங்கவிடுகிறவர்கள், அதில் சேரும் உப்புநீர் அலுமினியத்தை அரிக்கும் என்பதையும், குதிரை அதைக் குடிக்கலாகாது என்பதையும் நினைவில் வைத்து, ஓட்டத்துக்கு முன் அகற்றிவிட வேண்டும்.

ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரையில் ஃப்ளோரிடாவில் புயற்பருவம். வெளியேறும்படி உத்தரவு வந்தால், நின்றுகொண்டேயிருந்த டிரெய்லரில் அன்றைக்கே குதிரைகளை ஏற்றிக்கொண்டு புறப்பட வேண்டியிருக்கும். ஆகையால் திருப்புளியைக் கொண்டு தரையைச் சோதிப்பதும், விரிப்புகளைத் தூக்கிக் கழுவுவதும் மே மாதத்திலேயே முடிந்திருக்க வேண்டும். மற்றபடி ஒவ்வொரு பிரயாணம் முடிந்ததும் செய்ய வேண்டியது சொற்பமே: அன்றைக்கே லத்தியையும் நனைந்த மரத்தூளையும் வாரிக் கொட்டி, மீந்த புல்லை வலையோடு வெளியே எடுத்து, விரிப்புகளின் பின்விளிம்பைத் தூக்கி அடியில் ஒரு மரக்கட்டையைச் செருகி, நீர்விட்டு அலசி, சாய்தளத்தை இறக்கியும் கதவுகளைக் காற்றில் அடித்துக்கொள்ளாதபடி கொக்கியிட்டும் மறுநாள் மாலை வரையில் திறந்து வைப்பது. மறுநாள் மாலையில் விரிப்பின் அடியில் கையை விட்டுப் பார்க்க வேண்டும். கையில் ஈரம் ஒட்டினால் கட்டையை எடுக்காமல் இன்னொரு நாள் விட்டுவிடலாம்.